வந்தாரைக் காக்கும் ஊர்

வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லுதல் மக்களுக்குப் புதியதன்று. மழை பொய்த்த காலத்திலும், உள்ள நிலம் உண்பாருக்குப் போதாத காலத்திலும், இளைஞர் சிலர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றனர். முன்னாளில் தமிழர் பல்லாயிரவர் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்று தேயிலைத் தோட்டங்களிலும் இரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்தனர். அண்டையிலுள்ள கேரளத்துக்குக் கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் வெளியிலிருந்து சென்றவருள்ளும் ஒரு காலத்தில் தமிழரே மிகுதி. இந்நாளில் மேற்கு வங்காளம், அஸ்ஸாம், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் இரயில் ஏறித் தென்னாட்டுக்கு வருகின்றனர். 2013-ஆம் ஆண்டில் கேரள அரசின் பொருட்டு நடத்தப்பெற்ற ஆய்வு ஒன்று, அம்மாநிலத்தில் மட்டும் இத்தகையோர் 25 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர் என மதிப்பிட்டது.

கேரள மக்கள் இவர்களுக்கு ஒரு நல்ல பெயரை வழங்குகின்றனர். ‘அதிதித் தொழிலாளர்’ என்பது அப்பெயர். அதிதி என்னும் வடசொல்லுக்கு விருந்தினர் என்பது பொருள். தமிழில் விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் யாது என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. இக்காலத்தில் விருந்து என்றால் இலை நிறைந்த உணவையே எண்ணுகிறோம். ஆயின் அச்சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். புதியராய் வந்தவரே விருந்தினர். உற்றாரும் உறவினரும் அல்லாமல், முன்பின் அறியாதவராய் வாயிலில் வந்து நிற்பவரைப் பேணுதலே விருந்தோம்பல் எனப்பட்டது. திருவள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார்.

உணவிடுதலோடு இக்கடமை முடிந்துவிடுவதில்லை. உழைக்க வந்தவன் எந்த உடலோடு வந்தானோ அந்த உடலோடு தன் வீட்டுக்குத் திரும்புதல் வேண்டும். விரல் இழந்தோ, நுரையீரல் கெட்டோ, உயிர் துறந்தோ அவன் திரும்புவானாயின், அவனுக்குக் கூலி கொடுத்தோம் என்று அவ்வூர் பெருமை கொள்ள இயலாது. அவ்வுடலைக் காக்கும் கடமையில் பெரும்பங்கு, அவன் வேலை செய்யும் ஊரின் ஆட்சிக்கே உரியது. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்பன வெறும் வரி வாங்கும் மன்றங்கள் அல்ல. அவை செய்யத் தக்கது யாது, செய்யத் தவறினால் நேர்வது யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

2015-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், கோழிக்கோடு நகரில் பாதாளச் சாக்கடை வேலை நடந்துகொண்டிருந்தது. ஆந்திர நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் இருவர் அவ்வேலையில் அமர்த்தப்பட்டிருந்தனர். சாலையில் இருந்த ஆள்நுழை குழியினுள் அவர்கள் இறங்கினர். உள்ளே மயங்கி வீழ்ந்தனர். மேலே கூக்குரல் எழுந்தது. அவ்வழியே இருந்த உள்ளூர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் ஓடிவந்தார். குழியில் கிடந்தவர் எவ்வூரினர், எம்மொழியினர் என்று அவர் வினவவில்லை. எவ்வகைக் காப்புக் கருவியும் இன்றி, அவர்களைத் தூக்கும்பொருட்டுத் தாமும் உள்ளே இறங்கினார். மூவரும் உயிருடன் மீளவில்லை.

அந்நகர மக்கள் அவ்வோட்டுநரைத் தம் வீட்டு மகனாக எண்ணிக் கண்ணீர் வடித்தனர். முன்பின் அறியாத இருவருக்காக ஒருவர் தம் உயிரைக் கொடுத்தார் என்னும் செய்தி நாடெங்கும் பரவியது. அவர் செய்கை மிகப் பெரியது. ஆயினும் மாணவர்களே, இந்நிகழ்ச்சியை நாம் வியப்போடு விட்டுவிடுதல் ஆகாது. நல்லவர் ஒருவர் உயிர் கொடுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? ஒரு மூச்சுக் கருவி, ஒரு கயிறு, காற்றை அளக்கும் ஒரு சிறு கருவி, அவற்றைப் பயன்படுத்த அறிந்த ஒரு மேற்பார்வையாளர் ஆகிய இவை அங்கு இருந்திருப்பின் மூவரும் அன்று மாலை வீடு சென்றிருப்பர். ஒருவர் காட்டிய வீரம், பலர் செய்யத் தவறிய கடமையை நமக்கு நினைவூட்டுகிறது.

குழிக்குள் இறங்கியவர் ஏன் அத்துணை விரைவில் வீழ்ந்தனர் என்பதையும் அறிதல் வேண்டும். நாம் உட்கொள்ளும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு உயிர்வளி உள்ளது. அது 19.5 பங்குக்குக் கீழே குறையுமாயின் அவ்விடம் பணிசெய்யத் தகாத இடமாகும். மூடிக் கிடக்கும் சாக்கடையில் கழிவுகள் அழுகுங்கால் உயிர்வளி குறைகிறது, நச்சுவளிகள் பெருகுகின்றன. அவற்றுள் கொடியது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகும்போதோ மூக்கின் மோப்ப உணர்வையே கெடுத்துவிடும். நாற்றம் நீங்கியது என்று எண்ணி இறங்குபவன், உண்மையில் பேரிடரின் நடுவே இறங்குகிறான். அவ்வளி காற்றினும் கனமானது; ஆதலின் பள்ளத்திலேயே தங்கி நிற்கும். மிகுந்த அளவில் அதை உட்கொண்டவன் ஓரிரு மூச்சிலேயே அறிவிழந்து வீழ்தலும் உண்டு.

நம் சிற்றூர்களில் பாழ்ங்கிணற்றைத் தூர் எடுக்குமுன் விளக்கேற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது வழக்கம். விளக்கு அணையுமாயின் எவரும் இறங்கார். நம் முன்னோர் பட்டறிவால் கண்ட முறை அது. ஆயினும் விளக்கு உயிர்வளியின் குறைவைக் காட்டுமேயன்றி நச்சுவளியைக் காட்டாது. எரியும் வளி நிறைந்த சாக்கடையில் அவ்விளக்கே வெடிக்கும் தீயாகும். ஆதலின் இக்காலத்தில் வளி அளக்கும் கருவியே ஏற்றது. மற்றொன்றும் நினைவிற் கொள்க. இத்தகைய குழியில் ஒருவன் வீழ்ந்தால், அவனைக் காக்கக் கருவியின்றி இறங்குபவனும் வீழ்வான். நம் நாட்டில் இவ்வாறு ஒருவர் பின் ஒருவராய் மடிந்தோர் பலர். அத்தகைய வேளையில் உடனே தீயணைப்புப் படையினரை அழைத்தலே செயற்பாலது.

இக்கொடுமையைத் தடுக்கச் சட்டம் இல்லையோ எனின், உண்டு. உரிய கருவிகளும் காப்பு முறைகளும் இன்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் மனிதரை இறக்குதல் கூடாது என 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. எந்த ஆளும், எந்த உள்ளாட்சி மன்றமும், நேரடியாகவோ ஒப்பந்தக்காரர் வழியாகவோ அவ்வாறு செய்தல் குற்றமாகும். கழிவகற்றும் பணிக்குத் தக்க இயந்திரங்களைப் பயன்படுத்துதல் உள்ளாட்சி மன்றங்களின் கடமை என்றும் அச்சட்டமே விதிக்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆயினும் தொகை உயிருக்கு ஈடாகாது. கோழிக்கோட்டு நிகழ்ச்சி, சட்டம் பிறந்து ஈராண்டு கழிந்தபின் நடந்தது என்பதை மறத்தல் ஆகாது.

பிற மாநிலத் தொழிலாளர்க்கென்றும் ஒரு சட்டம் 1979-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஒடிசா நாட்டில் ‘தாதன்’ என்னும் ஒரு முறை இருந்தது. முகவர்கள் ஏழைகளுக்கு முன்பணம் கொடுத்து, நெடுந்தொலைவிலுள்ள வேலைக்களங்களுக்கு அவர்களை அனுப்பினர். சென்ற இடத்தில் பேசிய கூலியும் இல்லை. ஓய்வு நாளும் இல்லை. அக்கொடுமையைக் கண்டு எழுந்ததே அச்சட்டம். ஒப்பந்தக்காரர் உரிமம் பெறுதல் வேண்டும். தொழிலாளிக்கு அவன் படம் ஒட்டிய கைப்புத்தகம் தருதல் வேண்டும். தக்க உறைவிடமும், இலவச மருத்துவமும், காப்பு உடையும் அளித்தல் வேண்டும். விபத்து நேரின் இரு மாநில அரசுகளுக்கும் உறவினர்க்கும் அறிவித்தல் வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இதன் விதிகள் சேர்க்கப்பட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் தலைநகரில் பிறக்கிறது. அதைச் செயற்படுத்தும் அதிகாரி மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். தொழிலாளியோ ஏதோ ஒரு தெருவின் கோடியில், தகரக் கொட்டகையில் இருக்கிறான். இவ்விருவர்க்கும் இடையேயுள்ள தொலைவை நிரப்புவது எது? அத்தெருவின் விளக்குக்கும், குழாய்க்கும், குப்பைக்கும் பொறுப்பேற்றுள்ள உள்ளாட்சி மன்றமே அது. அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. அவை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க துறைகளைப் பட்டியலிட்டபோது, பொதுச் சுகாதாரத்தையும் அவற்றுள் சேர்த்தன. கேரளம் ஆரம்பச் சுகாதார நிலையங்களை ஊராட்சிகளிடம் ஒப்படைத்தது. ஆதலின் ஓர் ஊராட்சி மனம் வைப்பின், வந்தாரைக் காக்கும் வழிகள் அதன் கைக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

அவ்வழிகளுள் முதலாவது, வந்தவர் யாவர் என அறிதல். ஓர் ஊரில் எத்தனை மாடுகள் உள்ளன என்று கணக்கு இருக்கிறது. எத்தனை தெருவிளக்குகள் என்று கணக்கு இருக்கிறது. எத்தனை அயலூர்த் தொழிலாளர் உள்ளனர் என்று கேட்டால் பல ஊர்களில் விடை இல்லை. வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை; குடும்ப அட்டையும் பெரும்பாலும் சொந்த ஊரிலேயே உள்ளது. எண்ணப்படாதவன் இறந்தாலும் எண்ணப்படான். எனவே வேலைக்களந்தோறும் உறைவிடந்தோறும் சென்று, அவர்தம் பெயர், ஊர், மொழி, தொழில் ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். இஃது அவர்களை ஐயுற்றுக் கண்காணிப்பதற்கன்று. இடர் வந்துழித் தேடிச் சென்று உதவுவதற்கே. கேரள அரசு 2017-ஆம் ஆண்டில் ‘ஆவாஸ்’ என்னும் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது 15,000 ரூபாய் வரை மருத்துவமும், விபத்தில் இறப்பின் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாயும் என அது வகுத்தது. திட்டம் அரசினுடையது. ஆயினும் இத்தகைய திட்டம் உண்டு என்பதை அறியாதவனை அழைத்து வந்து பெயர் எழுதச் செய்தற்கு, அருகிலிருப்போரே வேண்டும்.

இரண்டாவது வழி, அவர் மொழியில் அறிவித்தல். யான் பணியினின்று ஓய்வு பெற்றபின் குடியிருக்கும் தெருவில், சில ஆண்டுகளுக்குமுன் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. ‘தலைக்கவசம் இன்றி உள்ளே வருதல் கூடாது’ என்று வாயிலில் தமிழ்ப் பலகை தொங்கியது. அதன் கீழாகவே இளைஞன் ஒருவன், வெறுந்தலையில் செங்கல் சுமந்து நாள்தோறும் சென்றான். ஒருநாள் யான் பலகையைச் சுட்டிக் காட்டினேன். அவன் நாணத்தோடு நகைத்தான். இருமொழி அறிந்த அவன் தோழன் ஒருவனைக்கொண்டு வினவியபோது, அவ்விளைஞன் ஒடியா மொழியில் எட்டாம் வகுப்பு வரை பயின்றவன் என்று தெரிந்தது. அவன் எழுத்தறியாதவன் அல்லன், அவ்வெழுத்தை அறியாதவன். பலகையில் உள்ளதை எடுத்துரைத்ததும் அவன் கேட்டது ஒன்றே: “தலைக்கவசம் எங்கே இருக்கிறது, ஐயா?” அவை மேற்பார்வையாளர் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன.

பல்லாண்டு தமிழ் கற்பித்த எனக்கு அன்றுதான் ஓர் உண்மை விளங்கியது. படிப்பவனுக்குப் புரியாத எச்சரிக்கை, எச்சரிக்கை ஆகாது. பூட்டிய அறையில் உள்ள கவசம், கவசம் ஆகாது. பெரும்பாவூர் என்னும் கேரள நகரம் இவ்வகையில் ஒரு முன்மாதிரி காட்டியது. அந்நகரைச் சூழ ஒட்டுப்பலகை செய்யும் ஆலைகள் மிகுதி. மரத்தண்டைச் சுழற்றித் தாள்போல் மெல்லிதாகச் சீவி, பசை தடவி, சூடேற்றிய அழுத்தப் பொறியில் வைத்து அங்கே பலகை செய்கின்றனர். சீவும் கத்தியில் விரல் போவதும், பசையின் ஆவியாலும் மரத்தூளாலும் கண்ணும் மூச்சும் வருந்துவதும் அத்தொழிலின் இடர்கள். அங்கு உழைப்போர் பெரும்பாலும் வங்காளத்தாரும், அஸ்ஸாமியரும், ஒடிசாவினருமே. கேரள எழுத்தறிவு இயக்கம் 2017-ஆம் ஆண்டில் அப்பெரும்பாவூரையே முதற்களமாகக் கொண்டு, ‘சங்ஙாதி’ என்னும் மொழிப்பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. சங்ஙாதி என்றால் மலையாளத்தில் தோழன் என்பது பொருள். ‘நம் மலையாளம்’ என்று பொருள்படும் ‘ஹமாரி மலையாளம்’ என்னும் பாடநூலைக் கொண்டு, வந்தவர்க்கு அவ்வூர் மொழி கற்பிக்கப்பட்டது. மருத்துவரிடம் தன் நோவைச் சொல்லவும், பொறி நிற்கவில்லை என்று கூவவும், கூலிச் சீட்டைப் படிக்கவும் அறிந்த தொழிலாளி பாதி காக்கப்பட்டவன் ஆகிறான்.

மூன்றாவது வழி, அவர் வரத்தக்க வேளையில் மருத்துவம் செய்தல். நாட்கூலிக்கு உழைப்பவன் காலை 9 மணிக்கு மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலியை இழக்கிறான். ஆதலின் காய்ச்சலையும் இருமலையும் பொறுத்துக்கொள்கிறான். கடையில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கி விழுங்குகிறான். நோய் முற்றியபின் வருகிறான். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மருத்துவர் அவன் உறைவிடத்துக்கே செல்வாராயின் இந்நிலை மாறும். எர்ணாகுளம் மாவட்டத்தில் நடமாடும் மருத்துவ ஊர்திகள் தொழிலாளர் வாழும் இடங்களை நாடிச் செல்லும் முறை கைக்கொள்ளப்பட்டது. காசநோய் போன்றவற்றுக்கு இம்முறை மிக இன்றியமையாதது. அந்நோய்க்கு ஆறு திங்கள் இடைவிடாது மருந்து உண்ண வேண்டும். வேலைக்காக இடையில் ஊர் மாறுபவன் மருந்தையும் விட்டுவிடுவான். அவன் செல்லும் ஊருக்கு அவனது மருத்துவக் குறிப்பும் உடன் செல்லுமாறு செய்வது, இரண்டு ஊர்களின் கடமையாகும்.

நான்காவது, உறைவிடத்தைப் பார்வையிடுதல். பகலில் உழைத்தவனுக்கு இரவில் நல்லுறக்கம் இல்லையாயின், மறுநாள் உயரச் சாரத்தில் அவன் கால் தடுமாறும். ஆகவே உறைவிடமும் தொழிற்பாதுகாப்பின் ஒரு பகுதியே. ஒரே அறையில் பதின்மர் படுப்பதும், பலர்க்கு ஒரே கழிப்பிடம் இருப்பதும், கட்டடத் தொட்டிகளில் தேங்கிய நீரில் கொசு பெருகுவதும் உள்ளாட்சிச் சுகாதார ஆய்வாளர் கண்ணுக்குத் தப்புதல் ஆகாது. கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு கடந்து செல்வோர் காணும் முதல் தொழிலூர் கஞ்சிக்கோடு. அங்கே 2019-ஆம் ஆண்டில், பிற மாநிலத் தொழிலாளர் தங்குதற்கென ‘அப்னா கர்’ என்னும் விடுதியைக் கேரள அரசு திறந்தது. நம் வீடு என்பது அப்பெயரின் பொருள். கோடையின் கடுமை மிகும் திங்களில், வெயிலில் பணிசெய்வோர்க்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளிக்குமாறு அவ்வரசின் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஆணையிடுகிறது. அவ்வாணை சாலையோரத்துத் தார்க்கொப்பரை வரை சென்று சேர்ந்ததா என்று காணவல்லவர், அச்சாலையில் நாள்தோறும் நடக்கும் வார்டு உறுப்பினரே.

ஐந்தாவது வழியே தலையாயது. உள்ளாட்சி மன்றம் பிறரைத் திருத்துமுன் தன்னைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். சாலை, வடிகால், குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம் முதலிய ஊர்ப்பணிகளை ஒப்பந்தக்காரர் செய்கின்றனர். அவ்வொப்பந்தத்தில் சிமெண்டின் அளவும் கம்பியின் கனமும் நுணுக்கமாக எழுதப்படுகின்றன. தொழிலாளியின் தலைக்கவசமும், இடுப்புக் கயிறும், மூச்சுக் கருவியும் அவ்வாறே எழுதப்படுதல் வேண்டும். அவை இல்லையேல் பணம் வழங்குதல் கூடாது. குறைந்த விலை கேட்டவர்க்கே வேலை என்னும் விதி மட்டும் நிற்குமாயின், குறைக்கப்படும் முதற்செலவு உயிர்க்காப்பின் செலவாகவே இருக்கும்.

கோழிக்கோட்டு நிகழ்ச்சியின் பின் கேரளத்து இளம் பொறியியலாளர் சிலர், மனிதர் இறங்காமலே சாக்கடையைத் தூய்மை செய்யும் இயந்திரம் ஒன்றை ஆக்கினர். 2018-ஆம் ஆண்டில் அது திருவனந்தபுரத்தில் பணியில் இறக்கப்பட்டது. நான்கு கால் விரித்துக் குழிக்குள் இறங்கி, ஒளிப்படக் கருவியால் உள்ளிருப்பதைக் காட்டி, கழிவை வாரி மேலேற்றும் அவ்வியந்திரத்தை, மேலே நிற்கும் ஒருவரே இயக்கலாம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பேண்டிகூட்’, அஃதாவது பெருச்சாளி. அவ்வாங்கிலச் சொல், தெலுங்கில் பன்றியெலி என்று பொருள்படும் ‘பந்திகொக்கு’ என்பதிலிருந்து பிறந்தது. தெலுங்கு நாட்டுத் தொழிலாளர் இருவர் மாண்ட குழியினின்று எழுந்த எண்ணம், தெலுங்குப் பெயரையே தாங்கி நிற்கிறது. தமிழ்நாட்டில் கும்பகோணம், கோயம்புத்தூர் ஆகிய நகரங்களும் அவ்வியந்திரத்தைப் பயன்படுத்தத் தொடங்கின.

இவற்றால் கேரளத்தில் குறை யாவும் தீர்ந்தன என்று எண்ணுதல் வேண்டா. 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், திருவனந்தபுரத்தில் இரயில் பாதைக்கு அடியிற் செல்லும் ஆமையிழஞ்சான் என்னும் கால்வாயைத் தூய்மை செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர், வெள்ளத்தில் அகப்பட்டு உயிர் நீத்தார். அவர் அயலூரார் அல்லர், கேரளத்தவரே. அவ்விடத்தின் பொறுப்பு இரயில்வேக்கா, மாநகராட்சிக்கா என்னும் வாதம் பின்னர் எழுந்தது. நம் மாநிலத்திலும் 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 61 பேர் மாண்டனர். அவருள் ஆந்திரம், ஒடிசா முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் தமிழரும் இருந்தனர். வீழும் சுவர் உள்ளூரார், அயலூரார் என்று பார்ப்பதில்லை. ஆதலின் வந்தவனுக்கென ஊர் எழுப்பும் காப்பு, உள்ளவனுக்கும் காப்பேயாகும்.

‘இத்துணையும் செய்ய எம் ஊராட்சியிடம் பணம் ஏது?’ என்று சிலர் வினவலாம். தொழிற்சாலையைத் தணிக்கை செய்யும் அதிகாரம் அரசின் துறைக்கே உரியது என்பதும் உண்மையே. ஆயினும் பெயர் எழுதப் பெரும்பணம் வேண்டா. இன்னொரு மொழியில் ஒரு பலகை எழுதப் பெரும்பணம் வேண்டா. கொட்டகையில் ஒருவன் பல நாள் இருமுகிறான் என்று மருத்துவர்க்குச் சொல்லியனுப்பவும், சாரம் ஆடுகிறது என்று அதிகாரிக்கு எழுதவும் பெரும்பணம் வேண்டா. ‘இவன் எம் ஊரான் அல்லன்’ என்னும் எண்ணம் நீங்கினால் போதும். அவ்வெண்ணம் நீங்காதவரை எத்துணைப் பணமும் பயன் தாராது.

மாணவர்களே! உங்கள் வகுப்பில், வேற்று மொழி பேசும் சிறுவன் ஒருவன் இன்று அமர்ந்திருக்கலாம். அவன் தந்தை உங்கள் தெருவின் வடிகாலைத் தோண்டிக்கொண்டிருக்கலாம். அச்சிறுவனோடு தோழமை கொள்க; அவன் மொழியில் இரண்டு சொற்களேனும் கற்க. ‘உள்ளே இறங்காதே’ என்னும் சொற்கள் அவையாயினும் ஆகுக. நாளை நீங்கள் வாக்காளர் ஆவீர்கள். உங்களுள் சிலர் ஊராட்சித் தலைவராகவும், பொறியாளராகவும், மருத்துவராகவும், ஒப்பந்தக்காரராகவும் ஆவீர்கள். அப்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், கோழிக்கோட்டுக் குழியை ஒருமுறை நினைவிற் கொள்க.

தொலைவில் ஏதோ ஒரு சிற்றூரில், தாய் ஒருத்தி தன் மகன் வரவை எதிர்நோக்கி வாயிலில் நிற்கிறாள். அவள் நம் ஊரின் பெயரை மட்டுமே அறிவாள். அவள் மகன் நலத்தோடு திரும்பினால், அவள் நாவில் நம் ஊர் வாழும்.

அருஞ்சொற்பொருள்

விருந்து – புதுமை, புதியராய் வந்தவர்
பட்டறிவு – துய்த்து உணர்ந்த அறிவு
உயிர்வளி – உயிர் வாழத் தேவையான காற்று
தூர் எடுத்தல் – கிணற்றின் அடியில் படிந்த சேற்றை நீக்குதல்
முகவர் – பிறர் சார்பில் செயல்புரிவோர்
உறைவிடம் – தங்கும் இடம்
வந்துழி – வந்தபோது
சாரம் – கட்டட வேலைக்கு உயரத்தில் நிற்பதற்குக் கட்டும் மரக்கட்டு
செயற்பாலது – செய்யத் தக்கது

வினாக்கள்

1. விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் யாது? அது இப்பாடத்தின் கருத்துக்கு எவ்வாறு பொருந்துகிறது?
2. சாக்கடைக் குழியில் வீழ்ந்தவரைக் காக்க, கருவியின்றி இறங்குதல் ஏன் கூடாது?
3. ‘எண்ணப்படாதவன் இறந்தாலும் எண்ணப்படான்.’ – இக்கூற்றை விளக்குக.
4. தலைக்கவசப் பலகையால் பயன் விளையாமைக்கு ஆசிரியர் காட்டும் இரு காரணங்கள் யாவை?
5. உள்ளாட்சி மன்றம் தன்னையே முதலில் திருத்திக்கொள்ள வேண்டும் என ஆசிரியர் கூறுவது ஏன்?

மொழிப்பயிற்சி

1. பிரித்தெழுதுக: வேலைக்களந்தோறும், அவ்வெழுத்தை, இஃது, வாயிலிலேயே.
2. சொந்த வாக்கியத்தில் அமைக்க: முன்மாதிரி, நினைவிற் கொள், இன்றியமையாத.
3. உங்கள் ஊரில் நடைபெறும் கட்டட வேலை ஒன்றில் தொழிலாளர்க்குப் போதிய பாதுகாப்பு இல்லை எனக் கொண்டு, உள்ளாட்சித் தலைவர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.